முகூர்த்த நாளில் காலியாகும் வகுப்பறை

எங்கள் கல்லூரியில் மாணவர் நலக் குழுவின் பொறுப்பு என்னிடம் வந்தபோது நான் முதலில் கேட்டு வாங்கியது வருகைப் பதிவேடுகளைத்தான். மனநலம் பற்றிய போஸ்டர்கள் ஏற்கெனவே தாழ்வாரம் முழுக்க இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை சிறப்புச் சொற்பொழிவும் நடந்துகொண்டிருந்தது. எந்தப் பிள்ளை எந்த நாளில் வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று மட்டும் யாரும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கவில்லை.

தென்மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தை ஒட்டி இருக்கும் கலை அறிவியல் கல்லூரி இது. சுற்றுக் கிராமங்களில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்கள்தான் அதிகம். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் நிறையப் பேர். பதிவேட்டைப் புரட்டியபோது இரண்டு துறைகளில் இரண்டாம் ஆண்டுப் பையன்கள் ஒரே நாட்களில் கும்பலாக விடுப்பு எடுத்திருந்தது தெரிந்தது. ஆவணியில் சில நாள், ஐப்பசியில் சில நாள், தையில் தொடர்ச்சியாக. காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அத்தனையும் முகூர்த்த நாட்கள்.

கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள். முதல் நாள் சாயங்காலமே மண்டபத்துக்குப் போய் இரவு முழுக்க காய் நறுக்கி, விடியற்காலை டிபன் பந்தி பரிமாறி, மதியப் பந்தியும் முடித்து, இலை எடுத்துவிட்டு வீடு திரும்புவார்கள். மறுநாள் வகுப்புக்கு வந்தாலும் கண் சொருகும். அந்தக் கூலியில்தான் தேர்வுக் கட்டணம், தங்கச்சிக்கு நோட்டு, அம்மாவின் மாத்திரை எல்லாம். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கண்டோனேஷன் கட்டணம் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொண்டு தேர்வெழுத விடுவதற்கான தொகை), அதற்கும் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது. கட்டணத்துக்காக வேலைக்குப் போனவனுக்கு வேலைக்குப் போனதாலேயே இன்னொரு கட்டணம். ஸ்டாஃப் ரூமில் இந்தப் பையன்களுக்கு இருந்த பெயர் 'பொறுப்பில்லாதவன்'.

கல்லூரியில் நலம் என்று பேசும்போது நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஒரு மாணவரின் மன அழுத்தம் பெரும்பாலும் கல்லூரிக்கு உள்ளேயோ வீட்டிலேயோ ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருந்துதான் கிளம்புகிறது. அது கட்டணக் கவுன்டராக இருக்கலாம், கழிப்பறையாக இருக்கலாம், இன்டர்னல் மார்க் போடும் மேசையாக இருக்கலாம். அந்த இடத்தைச் சரிசெய்யாமல் பையனை மட்டும் கூப்பிட்டு 'மனசை லேசா வச்சுக்கோ' என்று சொல்வதில் பயன் இல்லை.

முகூர்த்த விஷயத்தில் நாங்கள் செய்தது சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். பருவத் தொடக்கத்திலேயே முகூர்த்த நாட்களைக் குறித்துக்கொண்டு, அந்த நாளிலும் மறுநாளிலும் இன்டர்னல் தேர்வு வைப்பதில்லை. வருகை 80 சதவீதத்தைத் தொடும்போதே வகுப்பு ஆசிரியர் கூப்பிட்டுப் பேச வேண்டும், பருவக் கடைசியில் பட்டியல் ஒட்டும்வரை காத்திருக்கக் கூடாது. அந்தப் பேச்சும் "ஏன் வரலை?" என்று தொடங்கக் கூடாது. "வேலைக்குப் போறியாப்பா? எங்க போற?" என்று கேட்டால் பதில் வருகிறது. நூலகத்திலும் கம்ப்யூட்டர் லேபிலும் பகுதி நேர வேலைக்குச் சிலரை எடுத்துக்கொண்டோம். கேட்டரிங் நின்றுவிடவில்லை. ஆனால் அதனாலேயே படிப்பை விடுகிறவர்கள் கண்ணெதிரே குறைந்தார்கள்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் காலையில் சாப்பிடுவதில்லை. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வராது என்பதால் பகல் முழுக்கத் தண்ணீரும் குடிப்பதில்லை. மதியத்துக்குள் தலைவலி, மயக்கம். சிறுநீர்த் தொற்று வந்துகொண்டே இருக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொண்டு ஹீமோகுளோபின் பார்க்க முகாம் வைத்தோம். ரத்தசோகை இருந்தவர்கள் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது, கொடுத்தார்கள். டீ, காபியோடு சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நல்லது, மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்பதையெல்லாம் செவிலியர் பொறுமையாகச் சொன்னார். இதைச் சொல்லாமல் கொடுத்தால் பாதிப் பேர் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், வாளி, கப், மூடியுள்ள குப்பைக்கூடை, நாப்கின், நாளுக்கு மூன்று முறை சுத்தம் செய்ய ஆள். நலக் குழுவின் முதல் ஆண்டு நிதியில் பெரும் பகுதி இதற்கே போனது. "இதுவா கவுன்சலிங்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஆமாம், இதுவும்தான். உடம்பு ஓய்ந்து கிடக்கும் பெண்ணிடம் மனசைப் பற்றி என்ன பேசுவது?

காலைச் சாப்பாட்டுக்கு ஆசிரியர்கள் சிலர் மாதாமாதம் பணம் போட்டு கேன்டீனில் டோக்கன் ஏற்பாடு செய்தோம். அரசின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது. கல்லூரிக்கு வந்தால் பசி போய்விடுமா என்ன? டோக்கன் விஷயத்தில் ஒன்றே ஒன்று முக்கியம். காசு கொடுத்து வாங்கும் டோக்கனும் நாங்கள் கொடுக்கும் டோக்கனும் ஒரே நிறம், ஒரே அச்சு. யார் இலவசமாகச் சாப்பிடுகிறார்கள் என்று கேன்டீன்காரருக்கே தெரியாது. இலவசம் என்று பேர் ஒட்டினால் அந்த இட்லியைத் தொட ஆள் இருக்காது.

அப்புறம் கவுன்சலிங் அறை. முதல்வர் அறைக்கு அடுத்து, அலுவலகத்துக்கு எதிரே, பெரிய போர்டோடு இருந்தது. அந்த வழியாகப் போகிறவர்களை எல்லாக் கண்ணும் பார்க்கும். அதை மாடியில், நூலகத்துக்குப் பக்கத்தில், வேலைவாய்ப்பு வழிகாட்டியும் உதவித்தொகை விண்ணப்பமும் இருக்கும் அறைக்கு மாற்றினோம். அரசின் உதவித்தொகைத் திட்டங்களான புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் விண்ணப்பம் கேட்க வருகிறவர்கள், டி.என்.பி.எஸ்.சி. புத்தகம் கேட்க வருகிறவர்கள், அழ வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கதவில் நுழைகிறார்கள். யார் எதற்கு வந்தார் என்று வெளியே தெரியாது. உதவித்தொகைக்கு என்று வந்து உட்கார்ந்து, விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே பேச ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம்.

அப்படிப் பேசும் பெண்களிடம் அடிக்கடி கேட்பது 'வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள்' என்பது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பேசி முடித்துவிடுவார்கள், படிப்பு அதோடு சரி. இங்கே புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் பெரிய துணை. 2022 செப்டம்பரில் தொடங்கியதில் இருந்து நான் கவனித்து வருகிறேன். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது, படிப்பை நிறுத்தினால் அதுவும் நிற்கும். 'டிகிரி முடியட்டும், வாங்கிக்கிட்டு இருக்கிற பணத்தை ஏன் விடணும்' என்று அம்மா அப்பாவிடம் வாதாட ஒரு காரணம் கிடைக்கிறது. வீட்டோடு பேசும்போது நான் அறிவுரையில் தொடங்குவதில்லை, இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறேன்.

இனி கடினமான பகுதி. ஒரு பிள்ளை ரொம்பவும் ஒடுங்கிப்போய் இருப்பது தெரிகிறது. நண்பர்களிடம் பேச்சைக் குறைத்துவிட்டான், பிடித்த பொருளை எல்லாம் யாருக்கோ கொடுக்கிறான், 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி' என்று ஏதோ சொல்லியிருக்கிறான். ஆசிரியர்களுக்கு இந்த இடத்தில்தான் வாய் கட்டிப்போகிறது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி ஆகாது. உலக சுகாதார நிறுவனம் உட்பட இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் சொல்வது, நேராகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும் என்பதே. "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" என்று, குரலை உயர்த்தாமல், அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் கேட்டபோதெல்லாம் யாரும் கோபப்பட்டதில்லை. பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் முதலில் வரும், அதற்கு அப்புறம் பேச்சு வரும்.

'ஆமாம்' என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடக் கூடாது. "கிளாஸுக்குப் போ, சாயங்காலம் பேசுவோம்" என்பது ஆகாது. எப்படி என்றெல்லாம் யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அப்புறப்படுத்த வேண்டும். வீட்டுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று தொடக்கத்தில் சத்தியம் செய்துவிட்டு இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது. "மத்ததெல்லாம் நமக்குள்ள இருக்கும், உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டில் யாரிடம் சொல்வது என்பதையும் அந்தப் பிள்ளையிடமே கேட்க வேண்டும். அலுவலகப் பதிவில் அப்பாவின் எண்தான் இருக்கும். சில வீடுகளில் பிரச்சினையே அப்பாதான். "யார்கிட்ட சொன்னா உனக்குச் சரியா இருக்கும்?" என்று கேட்டால் தாய்மாமா, கல்யாணமான அக்கா, பெரியம்மா என்று ஒருவர் கிடைப்பார். ஒரு பையனுக்கு சித்தப்பா வந்தார். டிராக்டர் ஓட்டுகிறவர், கைலியோடு வந்து நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "வாப்பா, டீ குடிச்சிட்டு டாக்டரைப் பார்ப்போம்" என்று தோளில் கை போட்டுக் கூட்டிப்போனார். எந்தப் பயிற்சியும் இல்லாத அவர் செய்தது அவ்வளவு சரியாக இருந்தது.

மருத்துவமனை என்றதும் பெற்றோர் பயப்படுவார்கள். 'பைத்தியம்னு பேர் வந்துடும்', 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்பார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. இதை நான் பெற்றோருக்கு நிதானமாக விளக்குவதுண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை, மருந்தும் அங்கேயே கிடைக்கும். முதல் முறை யாராவது கூடப் போக வேண்டும். ஓ.பி. சீட்டு எங்கே வாங்குவது, எந்தக் கட்டடம் என்று தெரியாமலேயே திரும்பி வந்துவிடுகிறவர்கள் உண்டு.

கோயிலில் மந்திரிக்க வேண்டும், தர்காவில் ஓத வேண்டும் என்பவர்களை நான் தடுப்பதில்லை. "அதையும் செய்யுங்கம்மா, டாக்டர் கொடுத்த மாத்திரையையும் விடாம கொடுங்க" என்பேன். மாத்திரை பலன் காட்ட இரண்டு மூன்று வாரமாவது ஆகும், நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்தக் கூடாது என்பதை மட்டும் எழுதியே கொடுத்துவிடுவேன். அந்த வாரங்களின் வருகைப் பதிவை மருத்துவ விடுப்பாக மாற்றித் தருவது எங்கள் வேலை. திரும்பி வரும் பிள்ளைக்கு ஹால் டிக்கெட் இல்லை என்றால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஒரு பிள்ளையை நாங்கள் இழந்தும் இருக்கிறோம். விவரம் எதுவும் இங்கே எழுத மாட்டேன், அந்தக் குடும்பத்துக்கு நான் கொடுக்க வேண்டிய மரியாதை அது. 2022-ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அந்த எண்ணிக்கையைப் படிப்பது ஒன்று, ஒரு வகுப்பறைக்குள் போய் அறுபது முகங்களைப் பார்த்து நிற்பது வேறொன்று. பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது யாருக்கும் சொல்லித்தரப்படுவதில்லை, அதனால் எழுதுகிறேன். வதந்திக்கு முன்னால் உண்மையை, எப்படி நடந்தது என்ற விவரம் இல்லாமல், வகுப்பு ஆசிரியரே வகுப்பில் சொல்ல வேண்டும். ஃபிளெக்ஸ் வைப்பது, ஸ்டேட்டஸில் வீரனைப்போல் கொண்டாடுவது வேண்டாம் என்று நண்பர்களிடம் கெஞ்சியாவது கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளை அதைப் பார்க்கும். ஹாஸ்டலில் அறைத் தோழர்களுக்கு வேறு அறை உடனே கொடுக்க வேண்டும். கடைசியாகப் பேசிய நண்பன், கடைசியாகத் திட்டிய ஆசிரியர், காதலித்த பெண் என்று ஒரு சிலர் மேல் ஊர்ப்பழி விழும். அவர்களைத் தனித்தனியாகப் பல வாரம் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்களில்தான் ஆசிரியர்களின் நிலையும் எனக்கு முழுதாகத் தெரிந்தது. வகுப்பு ஆசிரியருக்கு மறுநாள் காலை முதல் பீரியட் இருந்தது. மாற்று ஆள் போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் போய் நடத்திவிட்டு வந்து ஸ்டாஃப் ரூமில் மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தார்.

ஆசிரியர் நலம் என்றால் யோகா தினத்தில் பாய் விரிப்பது என்று பல இடங்களில் ஆகிவிட்டது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரே பாடத்தை நடத்தும் இருவரில் ஒருவருக்கு அரசு நிதியில் சம்பளம், சுயநிதிப் பிரிவில் இருக்கும் இன்னொருவருக்கு அதில் சிறு பங்கு. கோடையில் அட்மிஷன் கேன்வாஸுக்கு வெயிலில் ஊர் ஊராகப் போக வேண்டியவர் இரண்டாமவர். கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருகிறது என்றால் இரவு எட்டு மணிக்கும் ஃபைல். சம்பள வித்தியாசத்தை நலக் குழுவால் தீர்க்க முடியாது. அது நிர்வாகமும் அரசும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, அதை மூச்சுப் பயிற்சியால் மூடக் கூடாது. முடிந்ததைச் செய்தோம். இரவு எட்டுக்கு மேல் துறை வாட்ஸ்அப் குழுவில் அவசரம் தவிர எதுவும் போடுவதில்லை என்று முதல்வரே எழுத்தில் அறிவித்தார். பெரிய வகுப்புகளுக்கு மைக் வாங்கினோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவர்கள் எத்தனை பேர் என்று அதற்கு அப்புறம்தான் வெளியே வந்தது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஆண்டுக்கு இரண்டு முறை முகாம். தனக்கு பி.பி. இருப்பதே தெரியாமல் நாலு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள்.

இன்னொன்று, ஆசிரியர்கள் கல்லூரிக்குள் இருக்கும் கவுன்சலிங் அறைக்கு வர மாட்டார்கள். சொன்னது நிர்வாகத்துக்குப் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. அவர்களுக்கு வெளியே வழி காட்ட வேண்டும். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இந்த எண்களை அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சடித்தோம், மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஒரே மாதிரி.

பணியாளர்கள் என்றால் வாட்ச்மேன், தூய்மைப் பணி செய்யும் அக்காமார், ஹாஸ்டல் சமையல்காரர், பஸ் டிரைவர் எல்லாரும்தான். பயிற்சி வைத்தபோது முதலில் இவர்களுக்குத்தான் வைத்தோம். ஹாஸ்டலில் எந்தப் பெண் நாலு நாளாகத் தட்டைத் தொடவில்லை, யார் இரவில் மொட்டை மாடிப் படியில் தனியே உட்கார்ந்திருக்கிறாள் என்பது வார்டனுக்கு முன்னால் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்குத் தெரியும். அவர் சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும். எங்களிடம் சரியான நேரத்தில் வந்த தகவல்களில் பல அப்படி வந்தவைதான். அவர்கள் உட்கார்ந்து சாப்பிட இடமில்லாமல் மாடிப்படிக்குக் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபேன் வைத்த ஒரு அறையை வாங்கிக் கொடுக்க இரண்டு கூட்டங்களில் சண்டை போட வேண்டியிருந்தது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. எங்களிடம் இருப்பது வாரத்துக்கு இரண்டு நாள் வரும் ஒரு உளவியலாளரும், களப்பயிற்சிக்கு வரும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர்களும்தான். அந்தத் தீர்ப்பின் பக்கங்களை இணைத்து, முழுநேர ஆலோசகர் பணியிடம் ஒன்றும், தேர்வு முடிவு வெளியாகும் இரவுகளில் தொலைபேசியில் இருக்க இரண்டு பேருக்கு மதிப்பூதியமும் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் அது பேசப்படும்.